கிரிவல வேகம்

திருவண்ணாமலை
3 பிப்ரவரி 2025

குணா,

நீ கேட்ட கேசட் இதோடு வருகிறது. பழுப்பு உறை. மேலே டெஸ்மண்டின் கையெழுத்தில், நீல மையில்: ஐசேயா குரோவ், சர்ச் ஹால், 1978.

இரும்புப் பெட்டியில் அதை எடுத்த இடம் காலியாக இருக்கிறது. பக்கத்துக் கேசட்டுகள் சாயாமல் இருக்க ஒரு சோப்பு டப்பாவை நட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கேசட்டைச் சொல்கிறேன்.

போனில் பேசலாம். மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். காகிதத்திலும் வரும்தான். ஆனால் போய்ச் சேர நாளாகும். அதற்குள் ஒருவேளை ஆறிவிடும்.

நீ போன அன்று அப்பாதான் வந்து சொன்னார். "அந்தப் பொண்ணு குணமதி பஸ் ஸ்டாண்டுல நிக்குதுடா. பெரிய பையோட. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்பா" என்றேன்.

"தெரிஞ்சா இங்க இன்னாடா பண்ற?"

லாட்ஜ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்கு வருடம், குணா. டெஸ்மண்ட், குளிர்காலம்தோறும் எங்கள் லாட்ஜில் தங்கிய ஒரு பர்மிங்காம் பஸ் டிரைவர். ஜமைக்காவில் பிறந்தவர். செத்துப்போய், தன் கேசட்டுகளை நமக்கு விட்டுவிட்டுப் போனவர். யாரும் வெளியிடாத ரெக்கே, அவர் ஊர் இசை. ரேடியோவில் பிடித்தது, தெரு விசேஷங்களில் பிடித்தது, சர்ச் ஹாலில் பிடித்தது. ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'வலம்' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். நீயும் நானும். பன்னிரண்டாம் நம்பர் அறையில்.

எங்கிருந்தோ ஒரு பெண் "இது என் அப்பா குரல் இல்லை" என்று எழுதினாள். நீ அவளை நம்பினாய்.

கேசட்டை வெயிலில் வைக்காதே.

சக்கரபாணி


சென்னை
9 பிப்ரவரி

பாணி,

கேசட் பத்திரமாக வந்தது. நீ சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரிக்கவே கால்மணி நேரம் ஆனது. இவ்வளவு டேப் ஒட்டுகிறவன் இவ்வளவு கோபமாக இருக்க முடியாது என்று நினைத்தேன். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன்.

நீ சண்டையை நான் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பிக்கிறாய். அது அங்கே ஆரம்பிக்கவில்லை.

மார்வா எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். "இது என் அப்பா குரல் இல்லை" என்று அவள் எழுதவில்லை. அப்பா பாடி ஒரு பதிவுகூட வீட்டில் இல்லை, அவர் இறக்கும்போது தனக்கு ஒரு வயது, உங்களால்தான் முதல்முறை கேட்டேன் என்று நன்றி சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாளாம். அம்மா கேட்டுவிட்டு, "யார் இந்தக் கிழவர்?" என்றாராம். ஐசேயா இறந்தது இருபத்து நான்கு வயதில். "தயவுசெய்து ஒருமுறை சரிபார்க்க முடியுமா?" இவ்வளவுதான்.

நீ அன்றைக்கே பதில் போட்டாய். என்னிடம் காட்டாமல். கேசட்டில் இருப்பதுதான் இருக்கிறது, உங்கள் அம்மாவுக்குக் காது சரியில்லாமல் இருக்கலாம் என்று. கீழே 'வலம்' என்று கையெழுத்து.

நமக்கு ஒரே ஒரு விதி. இரண்டு பேரும் முழுதாகக் கேட்காமல், படிக்காமல், எதுவும் வெளியே போகக் கூடாது. நீதான் அதைச் சாக்பீஸில் கதவுக்குப் பின்னால் எழுதினாய்.

வேலை முன்னமே வந்ததுதான். ஒலிப்புத்தகக் கம்பெனி, கோடம்பாக்கம். போவதா வேண்டாமா என்று உன்னைக் கேட்கலாம் என்று இருந்தேன். அன்று அந்தப் பதிலைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

இங்கே ஒரு பழைய கேசட் டெக் இருக்கிறது. நல்ல நிலையில். இன்ஜினியர் பிரசாத் சார் மாதம் ஒருமுறை சோதனைக் கேசட் போட்டு அதன் வேகத்தைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு. அம்மா தினமும் போன் செய்து, "பொழுது போறதுக்குள்ள சாப்ட்டியா?" என்கிறாள். கீழ்பென்னாத்தூர் வீட்டில் சமண வழக்கம், இருட்டிய பிறகு அடுப்பே எரியாது. "சாப்ட்டேம்மா" என்கிறேன். பாதி நாள் பொய். பாதி நாள் வாழைப்பழம்.

குணமதி


திருவண்ணாமலை
13 பிப்ரவரி

குணா,

நேற்று பௌர்ணமி. தனியாகப் போனேன். காதில் நம் ஐசேயா.

நீ வேகத்தைச் சோதிக்கப் போகிறாய். தெரிகிறது. அதற்கு முன்னால் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும்.

நாம் நம் டெக்கின் திருகை மனம்போனபடி திருப்பவில்லை. பெல்ட் அறுந்தது. இந்த ஊரில் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டி மாட்டினோம். பாட்டு தள்ளாடியது. மோட்டாருக்குப் பின்னால் வேகத்துக்கான திருகு இருப்பதைக் கண்டுபிடித்தவள் நீ. எவ்வளவு திருப்புவது? அப்போதுதான் டெஸ்மண்ட் சொன்னது ஞாபகம் வந்தது. கடைசிக் குளிர்காலத்தில் சொன்னார்: இந்த இசை நடக்கிற இசை. நீங்கள் நடக்கும் வேகத்தில் வைத்துக் கேளுங்கள்.

நடந்தோம். ஒரு பௌர்ணமி நடந்து, வந்து திருகைத் திருப்பி, மறுபடி ஏற்றி, அடுத்த பௌர்ணமி நடந்து. வெறுங்காலோடு, கூட்டத்தோடு. காலடியும் பாஸ் கிட்டாரும் ஒன்றாக விழும்வரை. "நமக்கும் அந்த மலைக்கும் இன்னாடி சம்பந்தம், நாம நயினாருங்க" என்று உன் அம்மா கேட்க, "பாட்டுக்காகம்மா" என்று நீ சொல்லிவிட்டு வந்தாய். மூன்றாவது பௌர்ணமி, ஈசானிய லிங்கம் தாண்டும்போது உன் கால் என் கால் பாஸ் மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

அது தப்பான வேகமா?

நேற்றும் விழுந்தது. உன் கால் மட்டும் இல்லை.

அடி அண்ணாமலையில் சுப்பன் கடையில் டீ. "இன்னாபா, அந்தப் பாப்பா வரலியா?"

"சென்னைல வேலைண்ணே."

"டெஸ்மண்ட் ஐயாவும் இல்ல. மொதல்ல வந்து ரெண்டு டீ குட்ச்சிட்டு உக்காந்திருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் அப்பால ஆடி அசைஞ்சி வருவீங்க. இப்ப நீ மட்டும் ஆடி அசைஞ்சி வர."

சிரித்தேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பொழுது போவதற்குள் ஹோட்டலில் சாப்பிடு. வாழைப்பழம் சாப்பாடு இல்லை.

சக்கரபாணி


சென்னை
20 பிப்ரவரி

பாணி,

உன் கடிதம் வந்ததும் சுப்பன் அண்ணன் சொன்னதை நான்கைந்து முறை படித்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிறு கம்பெனியில் யாரும் இல்லை. கேசட்டை மாட்டினேன். பொத்தானை அழுத்தும் முன் கை துடைத்துக்கொண்டேன், வேர்க்கவில்லை, இருந்தும்.

முதலில் டிரம். பிறகு அந்த வெட்டு வெட்டான கிட்டார். வேறு கேசட்டை மாட்டிவிட்டேனோ என்று நிறுத்தி, எடுத்துப் பார்த்தேன். அதுதான். மறுபடி போட்டேன்.

பாஸ் நகர்கிறது, பாணி. நம்மிடம் அது நிலத்துக்குள்ளிருந்து வரும். இங்கே அது தரைக்கு மேலே, பந்து மாதிரி. பிறகு குரல். எப்படிச் சொல்வது? நாம் நான்கு வருடமாக "அவர்" என்று சொல்லிவந்தோம். அவர் இந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், அவர் இந்த வரியில் இறங்குகிறார். இந்தக் குரலை "அவர்" என்று சொல்ல வாய் வரவில்லை. நம்மைவிடச் சின்னவன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் பயப்படுகிறான். போய்ச் சேர்ந்ததும் அவனுக்கே ஆச்சரியம்.

நாம் ஞானம் என்று நினைத்தது டெக்கின் மெதுவான ஓட்டமாக இருக்கலாம்.

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

பிரசாத் சார் வேறு இரண்டு டெக்கிலும் போட்டுப் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோலவே ஓடின. நம்முடையது பத்தில் ஒரு பங்கு மெது. மற்றவர்கள் ஏற்றிய ரெக்கேயெல்லாம் வேகமாக இருந்தபோது நீ சொல்வாயே, "காபிரைட்டுல மாட்டக் கூடாதுன்னு ஸ்பீடு ஜாஸ்தி பண்ணிப் போட்றானுங்க" என்று. நானும் தலையாட்டினேன். உலகம் முழுக்கத் தப்பு, பன்னிரண்டாம் நம்பர் அறை மட்டும் சரி.

இப்போது சுப்பன் அண்ணன். டெஸ்மண்ட் எப்போதும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பார். இரண்டு டீ முடித்திருப்பார். குளிர் ஊரில் நடந்து பழகிய நீளக் கால். "நடக்கும் வேகம்" என்று அவர் சொன்னது அவர் நடையை. நாம் அதை பௌர்ணமிக் கூட்டத்தில், வெறுங்காலில், சுற்று முடியப்போகும் களைப்பில் அளந்தோம்.

சரியான வேகத்தில் ஏற்றியதைப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். நீ கேட்காமல் மார்வாவுக்கு அனுப்ப மாட்டேன். விதி.

ஈசானிய லிங்கம் பற்றி நீ எழுதியது. ஞாபகம் இருக்கிறது. அது தப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை, கவனி.

குணமதி


திருவண்ணாமலை
26 பிப்ரவரி

குணா,

பென் டிரைவ் வந்தது. மேஜை டிராயரில் இருக்கிறது. கேட்கவில்லை.

சிலியிலிருந்து அந்த நர்ஸ் மறுபடி எழுதியிருக்கிறாள். வார்டில் தூக்கம் வராதவர்களுக்கு நம் பதிவுகளைத்தான் போடுகிறாளாம். வேறு இடத்தில் இதே ஆட்கள் பாடியதைப் போட்டுப் பார்த்தாளாம், யாரும் தூங்கவில்லையாம். இவளுக்கு என்ன எழுத? மன்னிக்கவும், நீங்கள் தூங்கியது எங்கள் சைக்கிள் டியூபால் என்றா?

அந்தக் குரல் அவசரப்படாது. அதனால்தான் எனக்கு அது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலூரில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் குரலோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரிய மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்பது போல. அது என்னைவிடச் சின்னப் பையன் என்கிறாய்.

முதலில் நீதான் கேட்டாய். நான் இல்லாமல்.

சக்கரபாணி


சென்னை
3 மார்ச்

பாணி,

சுருக்கமாக எழுதுகிறேன். பத்து நாள் பொறுத்திருக்கலாம் என்றால் பொறுப்பேன்.

மார்வாவிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். நம் இருவருக்கும் ஒரே பெட்டிதான், ஆனால் நீ அதைத் திறந்தது போலத் தெரியவில்லை. அம்மாவுக்கு இதய ஆபரேஷன், இந்த மாதம் பதினெட்டாம் தேதி. அதற்கு முன் ஏதாவது தெரிந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாள். உன் பதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாஸ்வேர்ட் என்னிடமும் இருக்கிறது. இப்போதே அனுப்ப முடியும். நீ செய்தது போல. அனுப்பிவிட்டால் 'வலம்' முடிந்தது. நீ பாதி, நான் பாதி என்று இரண்டு பேர் இருப்போம், அவ்வளவுதான்.

வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நானும்தான். இயர்போனின் இன்னொரு முனை என் காதில் இருந்தது. நீ அந்தக் குரலை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய்.

கேள், பாணி.

குணமதி


திருவண்ணாமலை
8 மார்ச்

குணா,

கேட்டேன்.

அறையில் கேட்க முடியவில்லை. இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் நிறுத்தினேன். யாரோ அடுத்த வீட்டுப் பையன் நம் அறைக்குள் ஓடி வந்துவிட்டது போல. பிறகு போனில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பினேன். பௌர்ணமி இல்லாத நாள். பகல். பாதை காலி. இரண்டு சாமியார்கள், ஒரு நாய், நான். செருப்பு போட்டிருந்தேன்.

முதலில் கால் சேரவில்லை. பாஸ் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. எட்டி வைத்தேன். இன்னும் எட்டி. எமலிங்கம் தாண்டியதும் சேர்ந்தது. டெஸ்மண்டின் நடை. அவர் முதுகை நான் நான்கு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். அந்த நீல முண்டா பனியன், வேர்வையில் ஒட்டியது. நாம் கூப்பிடுவோம், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவாரே, அது.

சுப்பன் கடையைத் தாண்டும்போது உள்ளிருந்து குரல். "டேய், யாராவது தொரத்றாங்களாடா?"

நின்றால் விட்டுப்போய்விடும் என்பதால் கையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டாவது பாட்டில் அவன் ஒரு வரியை விட்டுவிடுகிறான், கவனித்தாயா? வரி மறந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வரியில் ஏறிக்கொள்கிறான். நம் பதிவில் அதை நாம் "நீண்ட மௌனம், தியானம் போல" என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். உன் வாக்கியம் அது. நான்தான் பிரமாதம் என்றேன்.

இருபத்து நான்கு வயதில் செத்துப்போனவன். மறந்துபோன வரிக்குச் சிரிக்கிறவன். நான் அவனைக் கிழவனாக்கி, என் பக்கத்தில் உட்கார வைத்து, ஆறுதல் சொல்ல வைத்தேன்.

கீழே இருப்பது மார்வாவுக்கு. படித்துவிட்டு, சரி என்றால் பாட்டோடு நீயே அனுப்பு. தபால் தாமதமாகாமல் இருக்கக் கூரியரில் போடுகிறேன்.

"நீங்கள் கேட்டது சரி. உங்கள் அம்மாவின் காது சரி. எங்கள் இயந்திரம் தப்பான வேகத்தில் ஓடியது, எங்களுக்கு அது தெரியாது. தெரியாதபோதே தெரிந்தது போல நான் உங்களுக்கு எழுதினேன். அது இயந்திரத்தின் தப்பு இல்லை. இதோடு உங்கள் அப்பா இருக்கிறார். குணமதி, சக்கரபாணி."

இயர்போனின் இன்னொரு முனை. ஆமாம்.

சக்கரபாணி


சென்னை
14 மார்ச்

பாணி,

பதினொன்றாம் தேதியே அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு மாற்றம். "நான் எழுதினேன்" என்பதை "நாங்கள்" என்று மாற்றலாமா என்று யோசித்து, மாற்றாமல் விட்டுவிட்டேன். ஆக, மாற்றமே இல்லை.

இன்னும் பதில் இல்லை.

நேற்று பௌர்ணமி. மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் கொஞ்ச நேரம் தெரிந்தது. ஹாஸ்டலில் என்னோடு இருக்கும் சுருதி, "இன்னாத்த அப்டிப் பாக்கிற?" என்றாள். "எங்க ஊர்ல இன்னிக்கு எல்லாரும் நடப்பாங்க" என்றேன். "எங்க போவாங்க?" "எங்கயும் இல்ல. சுத்தி அதே இடத்துக்கு வருவாங்க." அவளுக்கு அது பாவமாகப் பட்டது.

மற்றதையும் பேச வேண்டும். பெட்டியில் இருக்கும் அத்தனையும் தப்பான வேகத்தில் போயிருக்கிறது. ஐசேயா மட்டும் இல்லை. ஒவ்வொருவருக்கும் எங்கேயோ ஒரு மகள் இருக்கலாம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, முதலிலிருந்து, சரியாக. அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். எழுதும்போதே யாரோ வீட்டைக் காலி செய்வது போல இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்?

குணமதி


திருவண்ணாமலை
20 மார்ச்

குணா,

டெக்கைத் திறந்தேன். சென்னையிலிருந்து பெல்ட் வரவழைத்திருக்கிறேன், சரியான அளவு. நம் சைக்கிள் டியூப் வளையம் உள்ளே பிசுபிசுவென்று, வெயிலில் கிடந்த பல்லி மிட்டாய் மாதிரி ஆகியிருக்கிறது. இருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. நீ கத்திரியில் வெட்டிய இடம் ஒரு பக்கம் அகலமாக இருக்கிறது. நான் அப்போதே சொன்னேன். நீ "போதும்டா, ஓடுது பாரு" என்றாய்.

திருகையும் பார்த்தேன். சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். திருப்பக் கை வரவில்லை.

நியாயம் நீ சொல்வதுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று பௌர்ணமி அந்தத் திருகில் இருக்கிறது. திருப்பிவிட்டால் பழைய இடம் எது என்று நமக்கே தெரியாது. அடையாளம் வைக்கலாம். அடையாளம் வைத்த பிறகு அது வேறு.

நீ சொல். நீ சொன்னால் திருப்பிவிடுகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

மார்வா?

சக்கரபாணி


சென்னை
30 மார்ச்

பாணி,

திருப்பாதே.

மார்வா எழுதிவிட்டாள். பெட்டியைத் திறந்து நீயே படித்திருப்பாய். இருந்தாலும் நான் படித்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இப்படித்தான் நாம் எப்போதும் செய்வோம், இல்லையா, ஒன்றையே இரண்டு பேரும் கேட்டுவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். முதல் வரியிலேயே அம்மா கையைத் தூக்கினாராம், நிறுத்தச் சொல்வது போல. நிறுத்தவில்லை. "அவன்தான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாடுறான். எப்பவும் இப்படித்தான்" என்றாராம். வரி மறக்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்தாராம். அந்த ஹாலில் முன் வரிசையில் உட்கார்ந்து அன்றைக்கும் சிரித்தது அவர்தானாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து நான்கைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், அம்மா கேட்டிருக்கிறார்: "அந்தக் கிழவரைப் போடு."

மார்வாவுக்குப் புரியவில்லை.

"முன்னாடி போட்டியே, மெதுவாப் பாடுவாரே. அவரை."

அது தப்பான வேகம் அம்மா, அந்த ஆட்களே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா தெரியும் என்றாராம். போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் சொன்னாராம்: "இருந்திருந்தா, இப்ப இப்படித்தான் பாடுவான்."

இப்போது காலையில் அவன். மத்தியானத்துக்கு மேல் அவர். தினமும்.

மார்வா கடைசியில் எழுதியிருப்பது இது: "எனக்கு அப்பா இளைஞனாகவும் இருந்ததில்லை, வயதானவராகவும் இருந்ததில்லை. நீங்கள் தப்பாகவாவது ஒருவரைக் கொடுத்தீர்கள். தயவுசெய்து அவரை எடுத்துவிடாதீர்கள்."

கம்பெனிக் கழிவறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது பிரசாத் சார், "இன்னாம்மா, கண்ல தூசியா?" என்றார். "ஆமா சார், ஜாஸ்தி" என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு பதிவு. ஒன்று அவர்கள் பாடிய வேகத்தில். இன்னொன்று நாம் நடந்த வேகத்தில். இரண்டையும் அப்படியே பெயரிட்டு, எது எது என்று மறைக்காமல். சிலி நர்ஸுக்கும் உண்மையை எழுதிவிடலாம். அவள் தொடர்ந்து போடுவாள் என்று நினைக்கிறேன்.

அதற்கு இரண்டு டெக் வேண்டும். கம்பெனி இந்த டெக்கைப் பழையது என்று விற்கப் போகிறது. நான் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் வேலை சுலபம். எந்த ஊர் மேஜை என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் கேட்காமல் ஒருமுறை பஸ் ஏறிவிட்டேன். இந்த முறை கேட்கிறேன்.

எந்த ஊர்?

குணமதி

சோப்பு டப்பா எந்தக் கலர்? இத்தனை நாளாகக் கேட்க நினைத்து மறந்துபோகிறது.


திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட்
12 ஏப்ரல்

குணா,

பச்சை.

இன்று பௌர்ணமி. ஊருக்குள் வரும் பஸ்ஸெல்லாம் நிறைந்து வருகின்றன. வெளியே போகிற பஸ்கள் காலி. ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. மடியில் டெக். வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சாமி செலையா? லக்கேஜ் போடணும்" என்றார். டெக் என்றேன். "அப்டின்னா?" பாட்டுப் பெட்டி என்றேன். "பாடுமா?" மெதுவாகப் பாடும் என்றேன். விட்டுவிட்டார்.

புது பெல்ட்டை மாட்டவில்லை. திருகைத் தொடவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். லாட்ஜை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு இடம் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்று. அவர் சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இத அன்னிக்கே செஞ்சிருந்தா அந்தப் பொண்ணு அம்மாம் பெரிய பையத் தனியாத் தூக்கிகினு போயிருக்காது" என்றார். பிறகு, "பொழுது போறதுக்குள்ள போய்ச் சேரு. அது சாப்ட்ருக்காது" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்டாய். இப்போதைக்கு நீ இருக்கிற ஊர். நீ நடக்கும் வேகம் அங்கே எப்படி என்று எனக்குத் தெரியாது. ரயிலுக்கு ஓடிப் பழகியிருப்பாய். சேரும்வரை எட்டி வைக்கிறேன். எனக்கு இப்போது அது தெரியும்.

பஸ் கிளம்பிவிட்டது. கை ஆடுகிறது, எழுத்தும்.

இதைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டு வருகிறேன். உன் கம்பெனி வாசலில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன், பேச மாட்டேன்.

மெதுவாகப் படி.

பாணி